மேகமலையில் கிளம்பாத கார்

சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை என்று சின்ன வயதில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா மேகமலை ஏலத்தோட்டம் ஒன்றில் கங்காணி. அம்மாவின் தம்பியான என் மாமா, அதே தோட்டத்துத் துரையின் காரை ஓட்டினார். துரை சீமைக்குப் போயிருந்ததால் கார் எங்கள் வாசலில் நின்றது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டது. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, மூடுனது ஒண்ணு விடாமத் தொறந்து போடு. அப்பத்தேன் ஒங்காத்தாளுக்கு லேசாப் பெறக்கும்."

பெட்டி, பானை, ஊறுகாய் ஜாடி, அம்மாவின் சுருக்குப்பை எல்லாவற்றையும் திறந்தேன். அதோடு விட்டேனா? வாசலுக்குப் போய்க் காரின் மட்காடில் ஏறினேன். குளிருக்காக மாமா காரின் முன்பக்கம் போர்த்தியிருந்த சாக்கை விலக்கி, அந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடிக்கு முன்னாலேயே இருக்கும் பெட்ரோல் டாங்கியின் மூடியையும் திருகிக் கழற்றினேன். சாக்கைப் பழையபடி இழுத்துவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரி அந்த மலையிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். ராத்திரி முழுக்கத் தூறல்.

விடிந்ததும் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் அம்மா பிழைப்பாள் என்றாள். மாமா முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார், சுற்றினார், கார் கிளம்பவில்லை.

"ஏலே, என்னடா ஆச்சு வண்டிக்கு?" என்று அப்பா கத்தினார்.

"குளிருல வெறச்சுப் போச்சு மச்சான். செத்த பொறுங்க."

ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றினார். பிளக்குகளைக் கழற்றி அடுப்பில் சுட்டு, கை பொறுக்காத சூட்டோடு திரும்ப மாட்டினார். பொறி நன்றாகத்தான் வந்தது. கார் மட்டும் அசையவில்லை. உள்ளே அம்மாவின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. இனியும் காத்திருக்க முடியாமல் அப்பா நான்கு ஆட்களை வைத்து அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்.

பொறி வந்தால் கோளாறு பெட்ரோலில்தான் இருக்க வேண்டும். மாமா கார்புரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோலோடு ஒட்டாமல் தண்ணீர் உருண்டது. சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"நாந்தேன் மாமா தொறந்தேன், ஆத்தாளுக்காக" என்றேன்.

மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லிராத தாயி" என்று மட்டும் சொன்னார். டாங்கியை வடித்தார். டின்னில் மிச்சம் இருந்த பெட்ரோலை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினார். கார் கிளம்பிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது பாதி மலையில் கட்டிலைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் குளிர்தான் காரணம் என்று சாகும்வரை சொன்னார் மாமா. வண்டியைப் பேணத் தெரியாதவன் அக்காளைக் கொன்றுவிட்டான் என்று அப்பா அவரை வீட்டுப்படி ஏறவிடவில்லை. விவரம் தெரிகிறவரை நானும் பல வருஷம் அவருடன் பேசவில்லை. அம்மாவுக்காக நான் திறந்து வைத்ததை அவர்தானே மூடினார்.