கோடு போட்ட தவளை

எங்கள் ஆய்வகத்தின் பின்புறம், துணி ஊறவைக்கும் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. தஞ்சாவூரில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது அதில் தவளைகள்தான் ஊறிக்கொண்டிருந்தன. தொட்டிக்குச் சொந்தக்காரி எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்களில் அக்கா இரண்டு விதத் தவளைகளைப் பார்த்திருந்தாள். ஒன்றின் முதுகில் மூக்கிலிருந்து நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. மற்றதற்கு அது கிடையாது. கோடு போட்டது இதுவரை யாரும் பெயர் வைக்காத தனி இனம் என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள், கட்டுரையும் தயார். அந்த நேரம் பார்த்து, கோடில்லாத ஆண் ஒன்று கோடு போட்ட பெண்ணின் முதுகில் ஏறி அணைத்துக்கொண்டிருந்ததை வரப்பில் நின்று நான் காட்டித் தொலைத்தேன்.

"இதெல்லாம் ஒரு சாட்சியாடி? மழை பெஞ்சா ஆண் தவளை உன் செருப்பக்கூடக் கட்டிப்பிடிக்கும்" என்றாள்.

உண்மைதான், அந்த விஷயத்தில் அவற்றுக்குக் கண்மண் தெரியாது. இரண்டும் கூடுவது பெரிதில்லை. பிறக்கும் குஞ்சுகள் வளர்ந்து, அவையும் குஞ்சு பொரித்தால்தான் பெற்றவை ஒரே இனம் என்பது எங்கள் துறையின் பழைய அளவுகோல். வாய் அப்படிப் பேசினாலும் அக்கா கட்டுரையை அனுப்பவில்லை. அந்த ஜோடியைத் தொட்டியில் விட்டு, கொசுவலையால் மூடிக் கட்டினாள்.

முட்டை வந்தது, தலைப்பிரட்டை வந்தது. வால் சுருங்கிக் கரையேறிய குஞ்சுகளில் சிலதற்குக் கோடு இருந்தது, சிலதற்கு இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அவை போட்ட முட்டைகளும் பொரித்துவிட்டன. புதிய தலைப்பிரட்டைகள் நெளிவதை முதலில் பார்த்தவள் நான். அக்காவின் இத்தனை வருட உழைப்பில் மண் விழுந்ததை எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். தொட்டியருகே குந்தி, கொசுவலையை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"அப்பாடா!" என்றாள். "அச்சாகியிருந்தா, ஆயுசு பூரா ஒரு பொய்க்குக் காவல் இருந்திருப்பேன்டி. வா, டீ குடிக்கலாம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரே இனத்தில் கோடு ஏன் சிலதற்கு மட்டும் என்று ஆய்வேட்டை மாற்றி எழுதி, பட்டமும் வாங்கிவிட்டாள்.

இப்போது அந்தத் தொட்டி என் வீட்டுக் கொல்லையில், விளிம்பு உடைந்து, பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. போன வாரம் பெய்த மழையில் ஒரு ஜோடி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டேன்.

"அக்கா, கோடு போட்டவ வந்திருக்கா."

"கூட யாரு?"

"கோடில்லாதவன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நம்மளக் கேட்டா முடிவு பண்ணுதுங்க? நல்லா இருக்கட்டும், விடுடி."