பின்னட்டைக்குப் பத்து மதிப்பெண்

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழாசிரியை, பெயர் கல்பனா. என் சிறுகதை ஒன்று அவர்கள் பாடத்தில் இருக்கிறதாம். எனக்கே புதுச் செய்தி. நான் உயிரோடு இருக்கிறேனா என்பதைச் சற்றுச் சுற்றி வளைத்து விசாரித்துக்கொண்டார். தப்பில்லை. பாடப்புத்தகத்தில் இடம்பிடிப்பவர்கள் பொதுவாகப் போனை எடுப்பதில்லையே!

விஷயம் இதுதான். உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வி: 'இக்கதையில் ஆசிரியரின் நடையை விளக்குக - பத்து மதிப்பெண்.' வகுப்பே 'எளிமை, மனிதநேயம்' என்று எழுதியிருக்கிறது. பவித்ரா என்ற மாணவி மட்டும், 'ஆசிரியர் வேலைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்' என்று எழுதிவிட்டாள். பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தால் மொத்தத்தில் ஃபெயில். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. எழுதினவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் சார். அவளுக்கும் புரிஞ்சிடும்" என்றார் கல்பனா.

எது புரியும்? என் மனிதநேயம்தான்!

இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினேன். பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்த முக்கால் மணி நேரமும், அந்தப் பெண்ணை எவ்வளவு பெருந்தன்மையாக மன்னிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதையை நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. (என் ராயல்டி அப்படித்தான் சொல்கிறது.) ஒரு வீட்டில் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போகிறது. வேலை செய்யும் முனியம்மா மேல் சந்தேகம். கடைசியில் கிண்ணம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைக்கிறது. வீட்டம்மா மன்னிப்புக் கேட்கிறாள். சுபம்.

வகுப்பில் கதையை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். 'தண்ணி லாரியின் குழாயைத் திறந்ததுபோல முனியம்மா அழுதாள்' - சிரிப்பு. 'ரயில்வே அறிவிப்புபோல மூன்று மொழியிலும் அழுதாள்' - பெருஞ்சிரிப்பு. குக்கர் விசில் வந்த இடத்தில் கடைசி பெஞ்சு மேஜையைத் தட்டியது. எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போதுதான் பவித்ரா எழுந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண். கையில் என் கதை, பென்சில் கோடுகளோடு.

"சார், எல்லாரும் எங்கெங்க சிரிச்சாங்க, கவனிச்சீங்களா?"

கவனிக்காமலா? அதற்காகத்தானே எழுதினேன்!

"மூணு இடம். மூணும் முனிமா அழுவுற இடம். வீட்டம்மாவும் ரெண்டு தபா அழுவுறாங்க. அங்க 'அவள் கண்கள் கலங்கின'ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. அவங்களுக்கு லாரியும் இல்ல, குக்கரும் இல்ல."

பக்கத்தைப் புரட்டினேன். இல்லைதான்.

அந்தக் கதையை நான் எழுதி, திருத்தி, மெய்ப்புப் பார்த்து, மேடைகளில் வாசித்திருக்கிறேன். ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. மண்டையில் யாரோ தட்டியதுபோல... பாருங்கள், இங்கேயும் உவமை.

விடுவேனா? கடைசியில் வீட்டம்மா மன்னிப்புக் கேட்கிறாளே, அது மனிதநேயம் இல்லையா என்று மடக்கினேன்.

"அது கடைசி வரி சார். அதுக்கு முன்னாடி ஆறு பக்கம் சிரிச்சு முடிச்சிட்டமே."

இந்த முறை யாரும் மேஜையைத் தட்டவில்லை. அவள் உட்காரப் போனாள். என்ன நினைத்தாளோ, நின்றாள்.

"எங்கம்மா பெரும்பாக்கத்துலேர்ந்து வந்து நாலு வூட்ல வேல செய்யறாங்க சார். அவங்க அழுதா சத்தமே வராது. பாத்திரம் தேய்க்கிற குழாயத் தொறந்து வுட்டுகினுதான் அழுவாங்க. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு."

குழாய். என் குழாய்.

உதவிக்குக் கல்பனாவைப் பார்த்தேன். 'மனிதநேயம்' என்ற விடை எங்கிருந்து வந்தது என்று மெல்லக் கேட்டேன். யாராவது பெரிய விமர்சகர் சொல்லியிருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே!

அவர் பெருமையாக என் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பின்னட்டை. 'எளிய மனிதர்களின் கண்ணீரை மனிதநேயத்தோடு பதிவு செய்யும் நடை.' கீழே யார் பெயரும் இல்லை.

இருக்காது. ஏனென்றால் அதை எழுதியவன் நான்தான்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். பதிப்பாளர் கடைசி நேரத்தில் கூப்பிட்டு, 'பின்னட்டைக்கு நீங்களே நாலு வரி குடுத்துடுங்க சார்' என்பார். நாமும் கூச்சமே இல்லாமல் நம்மை மெச்சி எழுதிக் கொடுப்போம். யார் படிக்கப் போகிறார்கள்? விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் படிக்கிறார்கள்! என்னை நானே பாராட்டிக்கொண்ட ஒரு வரி, பல வருஷம் கழித்து, கதையை ஒழுங்காகப் படித்த ஒரே ஆளைத் தோற்கடித்திருக்கிறது.

அந்த வகுப்பிலேயே சொன்னேன். பின்னட்டை நான் எழுதியது, அதை நம்ப வேண்டாம், பவித்ரா எழுதியதுதான் சரி என்று. கல்பனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவர் மேல் என்ன தப்பு? மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமானால் துறைத்தலைவருக்குக் கடிதமாகக் கொடுங்கள் என்றார்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். சரளமாக வந்தது. பவித்ராவிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தாள்.

"நல்லா கீது சார். ஆனா இதுலயும் மூணு ஜோக் இருக்கு. மார்க்கு போடுறவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். அரை மணி நேரம் ஆனது.

இப்போது அவள் பாஸ்.

நான்கே வரிக் கடிதம். ஓர் உவமைகூட இல்லை.