நானே ஆரம்பிச்ச கிண்டல்

ஒரு நாள் காலையில என் பொண்டாட்டி வேலைக்குப் போக மாட்டேன்னு உக்காந்துட்டா. அவ அன்னைக்கு அப்படி உக்காந்ததுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் மனசுக்குள்ள அவளுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன். நேர்ல சொன்னா, "போதும், போயி சோலியப் பாரு"ன்னுவா. அதனால எழுதி வைக்கிறேன்.

நாங்க பளியர். பழனி மலைப் பழங்குடி ஆளுங்க. பொறந்தது பாச்சலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரு, இப்ப வேலைக்காகக் கொடைக்கானல் பக்கம் குடியிருக்கோம். பதினஞ்சு வருசமா நான் வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல கைடு. வர்ற ஆளுங்களச் சோலைக்குள்ள கூட்டிட்டுப் போயி, நாலு மரம், ரெண்டு பறவை காட்டி, கால் சுளுக்காம திரும்பக் கொண்டுவந்து விடணும். அதுதான் வேலை. ஆனா எனக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது அந்த வேலை இல்ல, என் வாய். "அந்தக் காமெடி கைடையே அனுப்புங்க"ன்னு போன் போட்டுக் கேப்பாங்க.

என்ன காமெடி? போற வழியில ஒரு பெரிய பாறை. அடியில பத்துப் பேரு மழைக்கு ஒதுங்கலாம், அந்த மாதிரி குடைஞ்சு இருக்கும். அங்க எல்லாரையும் உக்கார வச்சுட்டு ஆரம்பிப்பேன். "சார், இதுதான் எங்க பங்களா. போன வருசம்தான் காலி பண்ணோம். கரண்ட் இல்ல, கதவு இல்ல, லோனும் இல்ல. நான் இலையை அவுத்துட்டுப் பேன்ட் போட்டே மூணு மாசம்தான் ஆகுது. ஸ்பூனைப் பாத்தா இன்னும் கை நடுங்கும் சார்." வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. எங்க அப்பாவே ஓட்டு வீட்டுல பொறந்த ஆளு. அதெல்லாம் அவங்களுக்கு யாரு சொல்றது?

இந்த வித்தையை நான் ஹாஸ்டல்ல படிச்சேன். ஆறாங் கிளாஸ் சேந்தப்ப, "காட்டான் சோறு திங்குறான் பாருங்கடா"ன்னு என் தட்டைச் சுத்தி நின்னு வேடிக்கை பாப்பாங்க. அழுது பாத்தேன், அடிச்சுப் பாத்தேன், நிக்கல. ஒரு நாள் நானே குரங்காட்டம் குதிச்சுச் சோத்தை அள்ளித் தின்னு காட்டினேன். சிரிச்சாங்க. அன்னைக்குத்தான் மொத மொதல்ல பக்கத்துல உக்கார எடம் விட்டாங்க. அடுத்தவன் சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா வலிக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன். முட்டாள்தனம்தான், ஆனா பன்னெண்டு வயசுல வேற என்ன தெரியும்?

கெஸ்ட் ஹவுஸ் ஜீப் டிரைவரு எனக்கு உயிர்ச் சிநேகிதன், கொடைக்கானல் டவுன்காரன். "ஏலே காட்டான், வெரசா ஏறுலே"ம்பான். "வர்றேண்டா நாட்டான்"ம்பேன் நான். அது எங்களுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். மத்தவங்க காதுலயும் அது விழுதுன்னு ரெண்டு பேருமே யோசிக்கல.

இப்ப என் பொண்டாட்டிக்கு வர்றேன். பகல்ல பீன்ஸ் பறிக்கப் போயிக்கிட்டே தபால் வழியில பி.காம். முடிச்சவ. எங்க ஊர்ப் பொம்பளைகள்ல டிகிரி வாங்கின மொத ஆளு. கெஸ்ட் ஹவுஸ் ஓனரு ஒரு அம்மா, நாங்க அக்கான்னுதான் கூப்புடுவோம். அவங்க இவளைக் கூப்பிட்டு ரிசப்ஷன்ல உக்காருங்கன்னு சொன்னப்ப, எனக்குத் தல கால் புரியல. மொத நாளு அந்த மேசை வழியா சும்மானாச்சும் நாலு தடவ நடந்தேன். "என்ன வேணும் ஒனக்கு?"ன்னு மொறச்சா. ஒண்ணும் வேணாம், பாக்கத்தான் வந்தேன்.

ரெண்டாவது மாசம், சென்னையில ஒரு ஆபீஸ்லேர்ந்து ஆறு பேரு வந்தாங்க. மொத நாளு கூட்டிட்டுப் போனேன், பாறையில உக்கார வச்சு வழக்கமான காமெடியச் சொன்னேன், பிரமாதமாப் போச்சு. பெருமை தாங்காம, "ரிசப்ஷன்ல இருக்கிறது நம்ம வீட்டுக்காரிதான் சார்"னு அதையும் சொல்லித் தொலச்சேன்.

மறுநாள் வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா, அவ தோட்ட வேலைக்குப் போடுற பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கா.

"ரிசப்ஷனுக்கு நான் இனிமே போகல. பீன்ஸ் பறிக்கப் போறேன்."

என்னன்னு கேட்டேன். நேத்து சாயங்காலம் அந்த ஆறு பேருல ஒருத்தன், அவ நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கையில மேசை மேல சாஞ்சு நின்னுக்கிட்டு, "பரவாயில்லையே, எழுதுறீங்களே! குகையில ஸ்கூல் இருந்துச்சா?"ன்னு கேட்டிருக்கான். இன்னொருத்தன் பேனாவை நீட்டி, "பயப்படாதீங்க, இது கடிக்காது"ன்னிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுமட்டுமில்ல, சமையல் மாஸ்டரும் ஒரு வாரமா காப்பி கொண்டுவரப்பல்லாம் "குகை மேடம்"னு கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்காரு. ஒரு வாரமா அவ அதைப் பத்தி எங்கிட்ட வாயத் தொறக்கல.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. "எவன்னு சொல்லு, காலை ஒடைச்சுப்புடறேன்"னேன்.

எங்க பக்கம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நீ, வா, போதான். அவ நிமுந்து பாத்து, "அவன் காலை எதுக்கு ஒடைக்கிற? அவன் சொன்னதுல ஒரு வார்த்தையாச்சும் அவனோடதா? அத்தனையும் நீ சொல்லிக் கொடுத்தது"ன்னா.

"நான் என்னையத்தான கிண்டல் பண்ணேன்?"

"நீ சிரிக்க வச்சுட்டு எந்திரிச்சுக் காட்டுக்குள்ள போயிடுவ. நான் அந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கணும்."

காப்பிகூடக் குடிக்காம, கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போனேன். நியாயம் அவ பக்கம் இருக்கிறப்பத்தான் எனக்குக் கோவம் அதிகமா வரும், என்ன செய்ய? ஓனரக்கா கேட்டதுக்கு, "அவளுக்கு ஒடம்பு சரியில்லக்கா"ன்னு பொய் சொன்னேன்.

அன்னைக்கும் அதே ஆறு பேரு. கூட, காலையில வந்து சேந்த அவங்க சிநேகிதன் ஒருத்தன். மதியச் சாப்பாட்டத் தூக்கிக்கிட்டு டிரைவரும் வந்திருந்தான். பாறைக்கிட்ட வந்ததும், ஒரு ஆளு போனை எடுத்து நீட்டினான். முந்தின நாள் குகையில ஸ்கூல் கேட்டவன் இவன்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. "அண்ணே, அந்தக் குகை மேட்டரை மறுபடி சொல்லுங்க. இவன் கேக்கல, வீடியோ எடுத்துக்கறோம்."

சொல்ல வெக்கமா இருக்கு. பழக்க தோசத்துல "சார், இதுதான்"னு வாய் ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் அந்த முழுக்கைச் சட்டை ஞாபகம் வந்துச்சு, நிறுத்திட்டேன்.

"இல்ல சார். அது பொய். நாங்க யாரும் இங்க குடியிருந்ததில்ல. நேத்து நான் சொன்னதை நீங்க என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கீங்க. அவ இன்னைக்கு வேலைக்கு வரல."

அந்த ஆளு மொகம் சுருங்கிருச்சு. "ஜோக்குதானேண்ணே? நீங்களே சொன்னீங்க, நாங்க சொன்னா தப்பா?"

"நான்தான் ஆரம்பிச்சேன் சார், தப்பு என் மேலயும் இருக்கு. அதான் நிறுத்துறேன்."

அவங்க திரும்பிப் போயி எம்மேல புகார் சொன்னா, இத்தனை வருசப் பேரு போச்சுன்னு நெனச்சேன். அப்பத்தான் டிரைவரு சாப்பாட்டுப் பையைக் கீழ வச்சான். "சார், இவன் சொல்றப்பல்லாம் மொதல்ல சிரிக்கிறவன் நான்தான். அந்தப் புள்ள எனக்குத் தங்கச்சி மாதிரி. அது வேலையை விட்டுப் போகுதுன்னா, இந்தச் சிரிப்பு எனக்கும் வேணாம் சார். வாங்க, நடப்போம்"னான். நடந்தாங்க. ஒரு பொண்ணு மட்டும் பின்தங்கி வந்து, "சாரிண்ணா, நானும் சிரிச்சேன்"னு சொல்லிட்டுப் போச்சு.

மாஸ்டரோட "குகை மேடம்" கதையையும் வழியில டிரைவருகிட்டச் சொன்னேன். ஜீப் ஏறையில அவன் "ஏலே காட்"னு ஆரம்பிச்சவன் வாயைப் பொத்திக்கிட்டான். நமக்குள்ள என்னடா, பரவாயில்லன்னேன். "வேணாம் மாப்ள, மாஸ்டரு இதை என் வாயிலேர்ந்துதான் படிச்சிருப்பாரு"ன்னான். அவனைக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

ஓனரக்காகிட்ட உண்மையைச் சொன்னேன். மொத ஏச்சு எனக்குத்தான். "எம் மேசையில உக்காந்திருக்கிற புள்ளையப் பேசியிருக்காங்க, நீங்க ஒடம்பு சரியில்லன்னு எங்கிட்டப் பொய் சொல்றீங்க?" அப்புறம் அந்த ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேரா கண்டிச்சாங்க. ரூம் காலியானாலும் பரவாயில்லன்னு சொன்னாங்க. சீசன் நேரத்துல அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும். சொல்லிட்டு, எங்கூடவே ஜீப்புல எங்க வீட்டுக்கு வந்தாங்க.

"அவங்க மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்றாங்கம்மா, வாங்க"ன்னாங்க.

"அவங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவாங்கக்கா. மாஸ்டரு இங்கதான இருப்பாரு? இவரும் இங்கதான இருப்பாரு?" அக்கா முன்னாடி மட்டும் நான் இவரு! "சமையக்கட்டுல எல்லாரு முன்னாடியும் இவரு சொல்லட்டும், நான் வர்றேன்."

மறுநாள் டீ நேரத்துல சொன்னேன். பாறையில நின்னு சொன்னதை விட இது கஷ்டம். அங்க இருக்கிற ஒவ்வொருத்தரையும் நான் அதைச் சொல்லிச் சிரிக்க வச்சிருக்கேன். "அந்தப் பேச்சு இனிமே கெடையாது. நானும் பேச மாட்டேன், யாரும் பேசக் கூடாது"ன்னேன். மாஸ்டரு, "வெளையாட்டுக்குச் சொன்னேம்பா"ன்னாரு. "நானும் வெளையாட்டுக்குத்தான் மாஸ்டர் ஆரம்பிச்சேன்"னேன். மனுசன் டீயை ஆத்தினாரு. அப்புறம், அவ வேலைக்கு வந்து உக்காந்ததும், ஒரு டம்ளரை எடுத்துக்கிட்டு ரிசப்ஷனுக்குப் போயி வச்சு, "மன்னிச்சுக்கம்மா"ன்னு அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவரையும் நான் நன்றியோடதான் நெனச்சுக்கறேன்.

இப்பவும் சிரிக்க வைக்கிறேன். அட்டை கடிச்சா ஊரே கூடுற மாதிரி கத்துற ஆளுங்க இருக்கையில எனக்கு என்ன பஞ்சம்?

கொஞ்ச நாள் கழிச்சு, மதுரையிலேர்ந்து ஒரு வயசான அம்மா வந்தாங்க. நான் வாசல்ல ஷூ மாட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க என் பொண்டாட்டிகிட்ட, "நீங்கள்லாம் எந்த ஊரு, யாரும்மா?"ன்னாங்க. குறுக்க பாஞ்சு எதையாச்சும் சொல்லிச் சிரிப்பு மூட்டிரலாமான்னு நாக்கு துடிக்குது.

"இந்த மலைதாங்க. நாங்க பளியர்"னா அவ.

"அப்படியாம்மா. சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

"ஆறரைக்குங்க."

அவ்வளவுதான். பளியர்ங்கிற அந்த வார்த்தையை, ஒரு சிரிப்பும் சேக்காம, தெரியாத ஆளு ஒருத்தர்கிட்ட என் ஆயுசுல நான் சொன்னதே இல்ல. கண்ணு கலங்கிருச்சு. வெளியில புது ஆளுங்க நாலு பேரு நின்னாங்க. போயி என் பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், நான் பளியன்னு சொன்னேன். "சரிங்கண்ணே, போலாமா?"ன்னாங்க.