மூன்றாம் வரிசையிலிருந்து இருபத்தெட்டாம் வரிசைக்கு

1. நின்றுபோன விமானம்

"மூணாவது வரிசையில இவங்கள யாரு உக்கார வெச்சது?"

இன்டர்போனில் ரேகா மேடத்தின் குரல். அன்றைய விமானத்தில் கேபின் குழுவுக்குத் தலைமை அவர்தான். அவர் முன்கதவுப் பக்கம், நான் பின்கதவுப் பக்கம். விமானம் சென்னை ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது.

"நான்தான் மேடம்."

"கேப்டன்கிட்ட சொன்னியா?"

"இல்ல மேடம்."

அவர் இன்டர்போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் விமானம் ஓரமாக ஒதுங்கி நின்றது. பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருடம். புதிதாகச் சேர்ந்தவள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

இப்போது நான் புதிய பெண்களுக்கும் பையன்களுக்கும் இந்த வேலையைப் பயிற்றுவிக்கிறேன். "மேடம், நீங்க பண்ண பெரிய தப்பு எது?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. நான் செய்தது

அது கொச்சி போகும் விமானம். நூற்றெண்பது பேர் உட்காரக்கூடியது. அன்றைக்கு அறுபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவிலிருந்து வந்த பெண்கள். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். கொச்சியில் நண்டு வளர்ப்புப் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதற்கு முன்னால் விமானம் ஏறியதில்லை.

அவர்களுக்குக் கொடுத்திருந்த இடம் இருபத்தாறிலிருந்து இருபத்தொன்பது வரையிலான வரிசைகள். பாஞ்சாலை என்ற அக்கா முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். பெல்ட்டைப் போட்டுவிட நான் குனிந்தபோதும் அவர் பிடியை விடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் சொந்த ஊர் அவர்களுடைய தீவிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள லைட்ஹவுஸ் குப்பம். என் நைனா, அதாவது அப்பா, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். இதையெல்லாம் நான் வேலையில் யாரிடமும் சொன்னதில்லை. "பொன்னேரி பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தப் பெண்களிடமும் சொல்லவில்லை. ஆனால் முன்வரிசைகள் காலியாகக் கிடந்தன. பின்பக்கம் ஆட்டம் அதிகம், முன்னால் உட்கார்ந்தால் பயம் குறையும் என்று நானாக நினைத்து, "வாங்க, முன்னாடி நல்ல சீட் தர்றேன்" என்று பன்னிரண்டு பேரையும் இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்குக் கூட்டிப்போனேன்.

அதற்குச் சற்று முன்புதான் ரேகா மேடம் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று எண்ணி, கணக்கைக் காக்பிட்டுக்குக் கொடுத்துவிட்டு, தரைப் பணியாளர்களிடம் பேசக் கதவுக்கு வெளியே போயிருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் குறைவாக இருக்கும்போது முன்வரிசைகளைக் காலியாக விட்டிருந்தால், அது விற்காமல் போனதால் மட்டும் அல்ல. சாமான் எங்கே ஏற்றியிருக்கிறது, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்து லோட் ஷீட் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பைலட் வால் இறக்கையின் கோணத்தை அமைப்பார். அதற்கு ட்ரிம் என்று பெயர். பின்னால் இருப்பதாகக் கணக்கில் உள்ள பன்னிரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தால், பைலட் கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்கும்போது விமானத்தின் மூக்கு அவர் எதிர்பார்த்தபடி எழும்பாது. ஓடுபாதையில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

3. "நாத்தம்னு அனுப்புறாங்க"

விமானம் நின்றதும் நான் முன்னால் ஓடினேன். கேப்டன் சொல்லிவிட்டாராம்: அவர்கள் பழைய இடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் விமானம் திரும்ப நிறுத்துமிடத்துக்குப் போகும்.

ரேகா மேடம் மரியாதையாகத்தான் சொன்னார். "பிளீஸ், எல்லாரும் உங்க ஒரிஜினல் சீட்டுக்குப் போங்க." ஒருவரும் எழவில்லை. ஐந்தாம் வரிசையிலிருந்து மடிக்கணினி வைத்திருந்த ஒருவர், "சீக்கிரம் அனுப்புங்க மேடம், எனக்குக் கொச்சியில மீட்டிங்" என்றார்.

பாஞ்சாலை எழுந்து நின்றார். ஆனால் பின்பக்கம் போகவில்லை. கதவைப் பார்த்து நடந்தார்.

"என்னை எறக்கி வுட்டுடு. நான் ஊருக்கே பூடறேன். எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, உனக்கு இன்னாத்துக்குடி பிளேனுன்னு."

"அக்கா, இப்ப எறங்க முடியாது," என்றேன்.

"இன்னாத்துக்கு எங்கள முன்னாடி இட்டாந்த, இன்னாத்துக்குப் பின்னாடி போவச் சொல்ற? எங்க மேல நாத்தம் அடிக்குதுன்னு அந்த ஆளு சொல்லிட்டாரா?" அவர் காட்டியது மடிக்கணினிக்காரரை. அவர் திடுக்கிட்டு, "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார்.

"காலையில ரெண்டு தபா குளிச்சிட்டு வந்தேன்" என்றார் பாஞ்சாலை.

இப்போது எழுதும்போதும் அந்த வாக்கியம் எனக்கு வலிக்கிறது. அவர் இறங்கிவிட்டால் அவருக்கு அந்தப் பயிற்சி போய்விடும். அதைவிட, மீன் வாடைக்காகப் பின்னால் துரத்தினார்கள் என்ற நினைப்போடு ஊருக்குத் திரும்புவார். வாழ்நாளெல்லாம் அதையே நம்புவார். அதற்குக் காரணம் நான்.

நான் அவர் எதிரில் தரையில் குந்தி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நாத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. நான் லைட்ஹவுஸ் குப்பத்துப் பொண்ணு. நீங்க பயப்படறீங்கன்னு யாரையும் கேக்காம இட்டாந்து குந்த வெச்சிட்டேன். இப்ப முன்பக்கம் பாரமாயிடுச்சி. பைலட்டு ஐயா வண்டிய நிறுத்திட்டாரு."

பாஞ்சாலைக்கு முன்னால் கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி, எனக்குப் பத்து வயது மூத்தவர்.

"அட, இவ்ளோதானா! படவுல அல்லாரும் மூக்குப் பக்கமாக் குந்தினா மூக்கு தண்ணியில பொதையாது? அதானே?"

"அதேதான் அக்கா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஏய், எந்திரிங்கடி! படவு மூக்குல குந்திகினு கீறோம். பின்னாடி நவுருங்க."

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தினமும் படகில் ஏரியைத் தாண்டி வருகிறவர்கள். பாரத்தைப் பற்றி அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்திக்கொண்டு போகாமல், ஒருவர் உட்கார்ந்த பிறகு இன்னொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலை மட்டும் என் கையை விடாமல் இருபத்தெட்டாம் வரிசை வரைக்கும் வந்தார்.

4. செங்குத்து

"ஏறும்போது எப்டிக் கீது, அத சொல்லிட்டுப் போ" என்றார் பாஞ்சாலை. உட்கார்ந்துவிட்டார். ஆனால் முகம் வெளிறித்தான் இருந்தது.

யாரும் பயணிகளுக்கு இதைச் சொல்வதில்லை. பெல்ட், கதவு, ஆக்சிஜன் எல்லாம் சொல்லுவோம். வயிறு என்ன செய்யும் என்று சொல்ல மாட்டோம். நான் சொன்னேன்.

"மொதல்ல வண்டி உங்கள சீட்டோட வெச்சி அமுக்கும். அப்புறம் மூக்கு தூக்கும். நீங்க வால் பக்கம் இருக்கறதால நம்ம பக்கம் கீழ எறங்கற மாரி தெரியும். எறங்காது. இன்னிக்கி ஆளு கம்மி, வண்டி லேசு, அதனால செங்குத்தா ஏறும். மல்லாந்து படுத்த மாரி இருக்கும். கொஞ்ச நேரத்துல எஞ்சின் சத்தம் டக்குனு கொறையும், வயிறு லேசா மேல வரும். அங்கதான் அல்லாரும் பயப்படுவாங்க. எஞ்சின் நிக்கல. போதும்னு பைலட்டு வேகத்தக் கொறைக்கிறாரு."

"கைய இன்னா பண்றது? கை சும்மா இருந்தா பயமாக்கீது."

"என் கையப் புடி" என்றார் பக்கத்தில் இருந்த கஸ்தூரி.

நான் என் மடக்கு இருக்கைக்குப் போய் பெல்ட் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பாஞ்சாலையின் தோள் மட்டும் தெரிந்தது. விமானம் ஓட ஆரம்பித்தது. மூக்கு எழுந்தது. அந்த அளவு செங்குத்தாக ஏறி நானே சில முறைதான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு பெண் அலறினார். அந்தச் சத்தத்தை மீறி கஸ்தூரியின் குரல் கேட்டது. ஏரியில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூப்பிடும் குரல்.

"அமுக்குதா? சரி. மூக்கு தூக்கிச்சி. நம்ம பக்கம் எறங்கற மாரி கீதா? எறங்கல! இப்ப சத்தம் கொறையும் பாரு... கொறையும்... கொறஞ்சிடுச்சி! எஞ்சின் நிக்கலடி, அவருதான் கொறைக்கிறாரு!"

முன்பக்கம் வரை அது கேட்டிருக்கிறது. மடிக்கணினிக்காரர் திரும்பிப் பார்த்து, "அடுத்து என்னம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். விமானமே சிரித்தது. பாஞ்சாலையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பெல்ட் விளக்கு அணைந்ததும் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரியின் மணிக்கட்டில் நாலு நகக் குறி சிவந்திருந்தது.

5. அறிக்கை

கொச்சியில் இறங்கிய பிறகு நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "பயணிகள் ஒத்துழைத்தார்கள்" என்று எழுதியிருந்தேன். ரேகா மேடம் படித்துவிட்டு, அந்தச் சொல்லை அடித்து, "உதவினார்கள்" என்று மாற்றினார். என் தப்பு பற்றி எழுதியிருந்த எதையும் அவர் குறைக்கவில்லை. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது, ஒரு வாரம் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். நியாயம்தான். கேப்டன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ இரக்கப்பட்டது தப்பில்ல. என்கிட்ட சொல்லாம இரக்கப்பட்டதுதான் தப்பு."

அது பாதிப் பாடம். மீதியைப் பசியாவரத்தில் கற்றேன்.

சில மாதம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது, பழவேற்காட்டிலிருந்து படகு பிடித்து அவர்களைப் பார்க்கப் போனேன். கரையோரத் தண்ணீரில் நண்டுப் பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள். மழையில் ஏரித் தண்ணீர் உப்புக் குறைந்ததில் முதல் தடவை விட்ட நண்டெல்லாம் செத்துவிட்டதாம். இரண்டாம் தடவை விட்டது பிழைத்திருந்தது. பாஞ்சாலை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார்.

நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கி உங்க பயத்தப் பாத்து எனக்குத் தாங்கல அக்கா. அதான் முன்னாடி கூட்டினு போனேன்."

பாஞ்சாலை பெட்டியை மூடிக் கயிற்றைக் கட்டினார். "பயந்தது நெசந்தான். ஆனா முன்னாடி போவணும்னு நான் கேட்டனா? நீயா நெனச்சிகினு நீயா இட்டுனு போன. என்னக் கேட்டிருந்தா இங்கியே குந்திக்கிறேன், இன்னா ஆவும்னு மட்டும் சொல்லுன்னு சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கரைக்கு ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

அதனால் என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். விமானத்தில் யாரையாவது இடம் மாற்ற நினைத்தால் இரண்டு பேரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். ஒருவர் கேப்டன். இன்னொருவர் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர்.