சொல்லிவிட்டது

அம்மா இறந்து ஆறு மாதம் கழித்துத் தூத்துக்குடி வீட்டை விற்கப் போயிருந்தேன். வாங்க வந்தவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தரகர் சொன்ன விலைக்கு நான் “முடியாது” என்றேன். தரகர் நடுவில் நின்றுகொண்டு அவரிடம், “அண்ணாச்சி, அக்கா யோசிக்காங்க,” என்றார்.

அப்பாவும் தரகர்தான், உப்புத் தரகர். உப்பளக்காரர் திட்டுவதையும் வியாபாரி திட்டுவதையும் தன்னோடு வைத்துக்கொண்டு, நல்ல வார்த்தையை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சாயங்காலம் வேட்டி விளிம்பில் உப்புக் காய்ந்திருக்க வீடு திரும்புவார். வீட்டில் அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோதே அப்படித்தான்.

சாளை மீன் பொரிகிற வாசனைக்கு நடுவே அம்மா அடுப்படியிலிருந்து, “தின்னா தின்னட்டும், இல்லன்னா கெடக்கட்டும்னு சொல்லு,” என்பாள். நான் முற்றத்துக்குப் போய், “அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுதா,” என்பேன். பத்தடி தூரம்தான், அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் எழுந்து வருவார்.

இருவரும் என்னிடம் பேசியதெல்லாம் மற்றவருக்கான பேச்சுதான். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகும் அப்பா போனில், “உங்கம்மை மாத்திரை போட்டாளான்னு கேளு,” என்பார். அம்மா பக்கத்து அறையில் இருப்பாள்.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அம்மா கேட்டாள்: “ஏளா, அப்பா எனக்கு ஏதாவது சொல்லிவிட்டாவளா?”

அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“உன்னப் பத்திதாம்மா கேட்டுக்கிட்டே இருந்தாவ,” என்றேன். அம்மா என்னையே பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினாள்.

தரகர் இப்போது என் பக்கம் திரும்பினார். “அக்கா, அண்ணாச்சிக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்காம்.”

வந்தவர் வாயே திறந்திருக்கவில்லை. நான் தலையாட்டினேன்.