விரத நாளில் பதிந்த கேஸட்

அவன் பியானோக்காரன். ரோஷ் புவாவில் பிறந்த கத்தோலிக்கன். முன்னோர் தமிழர் என்பது குடும்பப் பெயரில் மட்டும் மிச்சமிருந்தது. நான் கோயில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸ் வந்த மிருதங்கக்காரன். கிழக்குக் கரையில் புதிதாக எழும்பிய ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் சேர்ந்து வாசித்தோம். ஜாஸ், ஃபங்க், நடுவே கொஞ்சம் செகா என்னும் தீவுப் பாட்டு. வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டார்கள்.

அந்த ஹோட்டலின் சமையலறைப் பின்படியில் உட்கார்ந்து, ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் தொடையில் தட்டி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை வைத்து அவன் ஒரு மெட்டுக் கட்டினான். கேஸட் போடும்போது அதில் உன் மிருதங்கம்தான் என்று அவனாகவே வாக்கும் கொடுத்தான்.

ஸ்டூடியோ கிடைத்த வாரம் கோயிலில் காவடிக்குக் கொடி ஏறிவிட்டது. விரதம் முடியும்வரை அந்த ஸ்டூடியோ மாதிரி மதுவும் கறியும் புழங்கும் இடத்தில் நான் கால் வைக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"காவடி முடியட்டும்" என்றேன்.

"பா த்ராகா, மோ ஃப்ரேர்" என்றான். கவலைப்படாதே சகோதரா என்று க்ரியோலில் அர்த்தம். நானும் கவலைப்படவில்லை. காவடி இறக்கி வீடு வந்தபோது பதிவு முடிந்திருந்தது. ரியூனியனிலிருந்து ஒரு டிரம்ஸ்காரனை வரவழைத்து வேலையை முடித்துவிட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. சாமிக்கு விரதம் இருந்தவர் இப்படிக் கறுவிக்கொண்டு திரியலாமா என்று மனைவி கேட்டாள். விரதம்தான் முடிந்துவிட்டதே என்றேன்.

சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தைக்குக் கேஸட் வந்ததும் வாங்கினேன். ஒரு குறையாவது அகப்படாமலா போகும், அதை ஊரெல்லாம் சொல்லிக் கிழித்துவிடலாம் என்று கணக்கு. போட்டுக் கேட்டேன். பேஸ் கிட்டார் நிதானமாக நடக்க, அவனுடைய மின்சாரப் பியானோ அதை வம்புக்கு இழுத்துக்கொண்டே போகிறது. வேகமாக ஓடும்போதே சட்டென்று கையை எடுத்துவிடுவான். அந்தக் காலி இடத்தில் கேட்பவன் தலை தானாக ஆடும். என் தலையும் ஆடியது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அப்புறம் அந்த ஏழு. டிரம்ஸ்காரனுக்கு அது பிடிபடவேயில்லை, நாலில் தட்டிக்கொண்டிருந்தான். இவனோ தகிட தகதிமியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலே பாடுகிறான். என் வேலையை அவன் இடது கை செய்தது. நன்றாகவே செய்தது, படுபாவி. நாடா தேயுமளவுக்குக் கேட்டும் அவன் வாசிப்பில் ஒரு குறை சிக்கவில்லை.

வெளியீட்டு விழா அதே ஹோட்டலில். டிரம்ஸ்காரன் வர முடியாதென்று கைவிரித்துவிட, இவன் பாம்ப்ளமூஸில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உடனே சம்மதித்தேன். மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அவள் சந்தேகம் சரிதான். ஏழில் அவன் தனியாக வாசித்து உச்சத்துக்குப் போகும்போது, தீர்மானம் என்கிற முடிப்புத் தட்டை அரை எண்ணிக்கை தள்ளி இறக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவன் குப்புற விழ வேண்டும். தலையணையில் தட்டித் தட்டிப் பழகினேன்.

அன்று அப்படியே இறக்கினேன். பேஸ்காரன் தடுமாறி விரலை எடுத்தான். பியானோ நின்றது. என் நெஞ்சு குளிர்ந்தது. அது ஒரு கணம்தான். நான் தள்ளி இறக்கிய அதே இடத்திலிருந்து அவன் இரண்டு கைகளாலும் எடுத்தான், முன்கூட்டியே பேசி வைத்ததுபோல. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தான். வேண்டுமென்றே செய்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

"அடுத்த கேஸட்ல இது வேணும்" என்றான் க்ரியோலில். "இந்தத் தடவை உன் விரதம் எப்ப ஆரம்பிக்குது?"

"காவடி முடிஞ்சு வா" என்றேன். "அதுவரைக்கும் நீ காத்துக் கிடக்கணும்."

காத்துக் கிடந்தான். காவடி முடிந்த மறுநாள் காலையில் எங்கள் வாசலில் அவன் வேனின் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. மிருதங்கம் உறைக்குள் தயாராக இருந்தது.

"பாவங்க, வெளியில நிக்கிறாரு" என்றாள் மனைவி.

"பா த்ராகா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் டீ கேட்டேன்.