படகுக்கு வாப்பாவின் பெயர்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டு ஏவுகணை நாசகாரிக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கப் போன குழுவில் நானும் ஒருத்தி. சரிபார்க்கப் பதினொரு விடயங்கள் எழுதி வைத்திருந்தேன். ஏறுபடியருகே இருந்த பித்தளைத் தகடு அதில் இல்லை. மூழ்கும் கப்பலுக்குள் தோழர்களைத் தேடித் திரும்பப் போய், வராமலே போன ஒரு மாலுமியின் முகம் அந்தத் தகட்டில். அவருடைய பெயர்தான் இந்தக் கப்பலுக்கும்.

"வயர்லெஸ்ஸில் அவர் பெயரையா சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரிலேயே பதில் கொடுப்போம், தினமும்," என்றார் கப்பலின் மின் அதிகாரி.

எங்கள் வீட்டுக்குத் தேவையான பதில் அது. சாய்ந்தமருதில் என் அண்ணன், காக்கா, கட்டிய ஆழ்கடல் படகைக் கடலில் இறக்க ஒரு வாரம்தான் இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத வாப்பாவின் பெயரை அதற்கு வைக்கக் காக்காவுக்கு ஆசை. உம்மா மறுத்துவிட்டார். வீட்டிலிருந்து வயர்லெஸ் செட்டில் படகோடு கதைப்பவர் உம்மாதான். படகின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். புருஷனின் பெயரை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வாப்பா திரும்பாத அன்று அவருடைய பழைய படகை ஒரு பகல் முழுக்கக் கூப்பிட்டும் பதில் கிடைக்காமல் இருந்தவரும் அவர்தான்.

"எஞ்சினியர் வந்துட்டா. லிஸ்ட்ட எடு புள்ள," என்றார் காக்கா, நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"இந்த முறை ஒண்டுதான்," என்று அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

"ஏவுகணையப் பாக்காம பேரயா பாத்துட்டு வந்த?" என்று சிரித்தார் காக்கா.

உம்மா சிரிக்கவில்லை. "கூப்பிட்டா ஆரு பதில் சொல்ற?"

"காக்கா. வாப்பாட பேரச் சொல்லித்தான் பதில் தருவார்."

"இவன் படுத்துத் தூங்கினா?"

"நீங்க கூப்பிட்டா படகுல மணியடிக்கிற மாதிரி வயர் இழுத்துத் தாறன்."

"அப்ப பேர வைங்க. ஆனா செட்ட நீ பிடி," என்றார் உம்மா என்னிடம்.

"திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயிருவன் உம்மா."

படகு போன முதல் நாள், நான் வேலைக்குத் திரும்புமுன், உம்மா பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வந்து செட்டின் முன் இருந்தார். பொத்தானை அழுத்தினார், விட்டார், முக்காட்டைச் சரிசெய்தார், மறுபடி அழுத்தினார். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் வாப்பாவின் பெயரைச் சொன்னார். இரைச்சல். பிறகு அதே பெயர் காக்காவின் குரலில் திரும்பி வந்தது.

"கேக்குது உம்மா, சொல்லுங்க."

"ஐஸ் காணுமா? மீனுக்குப் போதுமா?" என்று கேட்டார் உம்மா.

பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபுக்கு முன் இன்னொரு தடவை கூப்பிட எந்தத் தேவையும் இருக்கவில்லை. உம்மா கூப்பிட்டார்.